கதவைத் தட்டிப் பாருங்கள்

காரும் பாட்டும்: வாசகர் கேள்விகளுக்குக் கோவை கார் எலெக்ட்ரீஷியன் ஒருவரின் பதில்கள்

கேள்வி: 2016 மாடல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, முன் கதவுகளில் ஆறரை இன்ச் புது ஸ்பீக்கர் ஒரு ஜோடி நானே மாட்டினேன். குரல் நன்றாகக் கேட்கிறது. ஆனால் பேஸ் (தாழ்ந்த ஒலி) பழசைவிடக் குறைந்துவிட்டது. மிருதங்கம் தகர டப்பாவைத் தட்டுவது போல இருக்கிறது. ஸ்பீக்கர் சரியில்லையா? (வாசகர், நாமக்கல்)

ஸ்பீக்கரைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பாட்டு ஓடும்போது பாலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் பாடும்போது பேஸ் கூடி, இரண்டு பக்கமும் சேர்ந்தால் குறைகிறது என்றால், ஏதோ ஒரு கதவில் பிளஸ்-மைனஸ் மாறிவிட்டது. ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடுகின்றன.

எந்தப் பக்கம் என்று தெரிய, செட்டின் (காரின் ஸ்டீரியோவின்) பின்னால் ஒயர்களைச் சேர்க்கும் கப்ளரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் இரண்டு ஒயரிலும் 1.5 வோல்ட் பென்சில் செல்லை ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஸ்பீக்கரின் கூம்பு, அதாவது கோன், வெளியே எழுந்து வந்தால், செல்லின் பிளஸ் தொட்ட ஒயர்தான் பிளஸ். உள்ளே போனால் நேர் எதிர். செட்டின் பிளஸ் ஒயரோடு இது ஒத்துப்போகாத கதவில்தான் மாறியிருக்கிறது. கப்ளரைக் கழற்றாமல் இதைச் செய்ய வேண்டாம், செட் போய்விடும்.

பாலன்ஸ் சோதனையில் ஒன்றும் மாறவில்லையா? அப்படியானால் விஷயம் கதவில் இருக்கிறது. இருபது வருடத்துக்கும் மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். என்னிடம் வரும் "பேஸ் இல்லை" கார்களில் அதிகமானவை கதவைச் சரிசெய்தே திரும்பிப் போனவை.

ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளும் சத்தத்துக்குச் சமமாகப் பின்னாலும் ஒரு சத்தம் போகிறது. பின்சத்தம் ஓட்டை வழியாகச் சுற்றி முன்னால் வந்து சேர்ந்தால், தாழ்ந்த ஒலிகள் அங்கேயே அழிந்துவிடும். உங்கள் டோர் பேடை (கதவின் உள்மூடியை) கழற்றினால் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். கம்பெனியில் அவற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கறுப்புக் கோந்து போட்டு ஒட்டியிருப்பார்கள். ஸ்பீக்கர் மாற்றுகிறவர்கள் முதலில் கிழித்துப் போடுவது அதைத்தான். மழைத் தண்ணீர் உள்பக்கம் வராமல் காப்பதும் அதே ஷீட்தான். கிழிந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள்.

அப்புறம் வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், 'டங்' என்று அதிரும். உள்ளே கைவிட்டு, அந்தத் தகட்டின் நடுப்பகுதியில் டேம்பிங் ஷீட் ஒட்டுங்கள். ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் பசைபோல ப்யூட்டைல் இருக்கும் ஷீட். தூசியைத் துடைத்து, சின்ன ரோலரால் அழுத்தி அழுத்தி ஒட்ட வேண்டும். முழுத் தகட்டையும் மூட வேண்டியதில்லை, பாதிக்குக் கீழேகூடப் போதும். இப்போது தட்டினால் 'டொக்' என்று கேட்கும். அந்த ஒரு சத்தம் மாறினால் வேலை முக்கால்வாசி முடிந்த மாதிரி. உள்தகட்டின் ஓட்டைகளையும் இதே ஷீட்டால் மூடலாம்.

மூடக் கூடாதது ஒன்று உண்டு. கதவின் அடிவிளிம்பில் சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேறும் வழி அவை. அவற்றை அடைத்தால் கதவு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே என்ன ரிங் போட்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. எம்டிஎஃப் பலகை ரிங் என்றால் கழற்றிவிடுங்கள், ஈரத்தில் ஊதிப்போகும். பிளாஸ்டிக் ரிங் போட்டு, சுற்றிலும் ஃபோம் டேப் ஒட்டி, காற்று கசியாமல் முடுக்குங்கள். முடுக்குவதற்கு முன் கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கி, ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கிறதா என்று பாருங்கள். இதை மறந்து கண்ணாடி கீறிப்போன கார்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் செட்டின் அட்டைப் பெட்டியில் "50 வாட்ஸ் × 4" என்று போட்டிருக்கிறது. அப்படியிருக்க, தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) எதற்கு? (வாசகி, திருநெல்வேலி)

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், சகோதரி. ஓடும் காரில் பேட்டரி முனையில் ஏறத்தாழ 14.4 வோல்ட் இருக்கும். கார் ஸ்பீக்கர் பொதுவாக 4 ஓம். வோல்டேஜை உயர்த்தும் சர்க்யூட் இல்லாத சாதாரண செட், இதை வைத்துக்கொண்டு ஒரு ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்க முடிந்த உச்சம் 26 வாட்ஸ். உள்ளே ஆகும் இழப்புகளைக் கழித்தால் கைக்கு வருவது 20-ஐ ஒட்டித்தான். பெட்டியில் இருக்கும் 50, சத்தம் உடைந்து சிதறும் நிலையில் எடுத்த எண். வாங்கும்போது 'ஆர்எம்எஸ்' (தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி) என்று எழுதியிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.

ஆனாலும் உங்களுக்கு ஆம்ப் தேவை என்று நான் சொல்லமாட்டேன். ஸ்பீக்கர் வாங்கும்போது 'சென்சிட்டிவிட்டி' எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். 3 டெசிபல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கர், பாதி வாட்ஸிலேயே அதே சத்தத்தைக் கொடுக்கும். செட்டின் சக்தியிலேயே ஓட்டப்போகிறீர்கள் என்றால் 90-க்கு மேல் இருப்பதாகப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, சீட்டுக்கு அடியில் வைக்கும் சப்-ஊஃபரும் (பேஸுக்கான ஸ்பீக்கர்) ஆம்பும் வாங்கியிருக்கிறேன். மொத்தம் 300 வாட்ஸ் ஆர்எம்எஸ். ஒயர் கிட்டும் இருக்கிறது. வீட்டிலேயே மாட்டிவிடலாமா? (வாசகர், திண்டுக்கல்)

மாட்டலாம், தம்பி. ஆனால் பேட்டரியிலிருந்து வரும் ஒயரை விளையாட்டாக எண்ணாதீர்கள்.

நான் தொழில் கற்றுக்கொண்டிருந்த நாட்களில் கடைக்கு ஒரு வெள்ளை அம்பாசடர் வந்தது. வேறெங்கோ ஆம்ப் மாட்டியிருந்தார்கள். பவர் ஒயரை எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் துளை போட்டு, துளையின் விளிம்பை மூடும் ரப்பர் க்ரோமெட் இல்லாமல் அப்படியே இழுத்துவிட்டிருந்தார்கள். ஃப்யூஸ் ஆம்ப் பக்கத்தில் மட்டும் இருந்தது. வண்டி அதிர அதிரத் தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிட்டது. நாங்கள் பானெட்டைத் திறந்தபோது ஒயர் முழு நீளத்துக்கும் தோல் உருகி, செம்பு பழுத்த நிறத்தில் தெரிந்தது. நல்ல வேளை, ஓட்டிவந்தவர் புகையைப் பார்த்ததும் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார். பின் சீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். அன்றைக்குப் பார்த்த அந்த ஒயர் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

ஃப்யூஸ் காப்பது ஆம்பை அல்ல, ஒயரை. அதனால் அது பேட்டரியை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு முழத்துக்கு மேல் தள்ளிப் போகக் கூடாது. உங்கள் 300 வாட்ஸுக்கு, ஆம்பில் வீணாவதையும் சேர்த்தால் சுமார் 27 ஆம்பியர் வரும். 8 கேஜ் (ஒயரின் தடிமன் அளவு) செம்பு ஒயரும் 40 ஆம்பியர் ஃப்யூஸும் தாராளம்.

கிட்டில் வரும் ஒயரை நம்பிவிடாதீர்கள். ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவது செம்பில் 60 சதவீத அளவுதான். அப்படிப்பட்ட ஒயர் என்றால் ஒரு படி தடிமனானதாகப் போடுங்கள்.

வேலையைத் தொடங்கும்போது பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றுங்கள், முடிக்கும்போது கடைசியாக மாட்டுங்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர் தெரிந்தால் தொடவே வேண்டாம், அது ஏர்பேக் லைன். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான சென்சார் கதவுக்குள் காற்றழுத்தத்தை வைத்தே மோதலை உணர்கிறது. அப்படிப்பட்ட கார் என்றால் கதவில் கைவைக்கும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். நாமக்கல் வாசகருக்கும் இது பொருந்தும்.

ஆம்பில் 'கெயின்' என்று ஒரு திருகு இருக்கும். அதை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்பிவிடாதீர்கள். குறைந்த நிலையில் வைத்து, செட்டின் வால்யூமை முக்கால்வாசிக்கு ஏற்றி, பிறகு கெயினை மெல்லத் திருப்புங்கள். சத்தம் கரகரக்கத் தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்துங்கள். முன் ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாமல் ஃபில்டர் வைத்தால் அந்தப் பாரத்தை சப்-ஊஃபர் சுமந்துகொள்ளும், கதவு ஸ்பீக்கரும் நீண்ட நாள் உழைக்கும்.

கேள்வி: ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று ஒரு சத்தம் ஏறி இறங்குகிறது. (வாசகர், ஈரோடு)

பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் சத்தம். முதலில் எர்த்தைப் பாருங்கள். ஆம்பின் மைனஸ் ஒயரைக் கழற்றி, அது தொடும் இடத்தில் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து, வெறும் இரும்பு பளபளவென்று தெரிய வேண்டும். அங்கே போல்ட் போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ஒயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் கொடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் கேட்டால், பவர் ஒயரும், செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ ஒயரும் ஒரே பக்கமாகச் சேர்ந்து போகிறதா பாருங்கள். ஒன்று வலது பக்கம் போனால் மற்றது இடது பக்கம் போகட்டும்.

கேள்வி: எனக்கு வயது 71, ஓய்வுபெற்ற ஆசிரியர். காரில் சொற்பொழிவுகள் கேட்பது வழக்கம். இப்போது பேச்சு தெளிவாக இல்லை, மனைவிக்கும் அப்படித்தான். புது செட் மாற்றச் சொல்கிறார் மகன். (வாசகர், கும்பகோணம்)

வணக்கம், ஐயா. செலவு செய்யும் முன் செட்டில் பேஸைத் தூக்கிக் காட்டும் 'லவுட்னெஸ்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பேஸை இரண்டு மூன்று படி குறையுங்கள், ட்ரெபிளை ஒரு படி ஏற்றுங்கள். சத்தத்தைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் கொண்டுவாருங்கள். பேச்சுக்கு பேஸ் பகைதான்.

அதிலும் சரியாகவில்லை என்றால், முன் கதவின் ஸ்பீக்கரைக் கழற்றி, கோனைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பை விரலால் மெல்லத் தொடச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் வெயிலும் ஈரமும் பட்டு, தொட்டவுடன் மாவாக உதிரும். உதிர்ந்தால் அந்த இரண்டு ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் போதும், செட்டை மாற்ற வேண்டாம். ட்வீட்டரை (உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) தனியாக டாஷ்போர்டின் மூலையில் வைக்கும் வகையைக் கேளுங்கள். குரல் முழங்காலருகே கேட்காமல் முகத்துக்கு நேராக வரும்.

ஸ்பீக்கர்களும் நன்றாக இருந்து, பேச்சு மட்டும் புரியவில்லை என்றால், அம்மாவும் நீங்களும் ஒருமுறை காது டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அதுவரை கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசி ஃபேனை ஒரு படி குறைத்துக் கேட்டுப் பாருங்கள்.