தோட்டப் பராமரிப்பு நிறுவனத்தின் ஆண்டிறுதிக் கணக்கு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கோயம்புத்தூரில் தோட்டம் அமைத்துப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். 40 பேர் வேலை செய்கிறார்கள். சில ஐ.டி. வளாகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எங்கள் பொறுப்பில் உள்ளன. சென்ற ஆண்டு இருவர் காயம்பட்டுப் பல நாள் வேலைக்கு வர இயலவில்லை. இந்த ஆண்டு அப்படி ஒருவர்கூட இல்லை. விபத்தே நேராத குழுக்களுக்குப் பொங்கல் பரிசாக ஒரு தொகை தர எண்ணியிருக்கிறேன். வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் ஆண்டறிக்கையிலும் இதையே முதன்மையாகச் சொல்லலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஓர் ஆண்டு முழுவதும் ஒருவரும் காயத்தால் கூலி இழக்கவில்லை என்றால், நீங்களும் உங்கள் மேஸ்திரிகளும் மகிழ்வது நியாயமே. ஆயினும் அந்தப் பூஜ்ஜியத்தை முன்னேற்றத்தின் அளவாக எழுதுவதற்கு முன், அது எவ்வளவு நம்பத்தக்கது என்று பார்த்துவிட வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 3786, விபத்து விகிதத்தைக் காண, வேலைநாள் இழப்பை உண்டாக்கிய காயங்களின் எண்ணிக்கையை 10 லட்சத்தால் பெருக்கி, மொத்த வேலை மணி நேரத்தால் வகுக்கச் சொல்கிறது. 40 பேர், ஆளுக்கு 300 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று கொண்டால் உங்கள் நிறுவனத்தின் ஆண்டு உழைப்பு 96,000 மணி நேரம் ஆகிறது. ஒரே ஒரு காயம் நேர்ந்திருந்தால் விகிதம் 10.4, இரண்டு நேர்ந்திருந்தால் 20.8, ஒன்றும் இல்லையென்றால் 0. புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து தெறித்த ஒரு கல் அரை அடி தள்ளிப் போயிற்றா, காலில் பட்டதா என்பதைப் பொறுத்து 0-க்கும் 10-க்கும் இடையே தாவுகிற ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, பாதுகாப்பு மேம்பட்டது என்றோ சீர்கெட்டது என்றோ முடிவு செய்ய இயலாது. பல்லாயிரம் பேர் உழைக்கும் ஆலைக்கு அந்த விகிதம் பயன்படும். 40 பேர் கொண்ட நிறுவனத்திற்கு அது மட்டும் போதாது.

பரிசுத் தொகையைப் பற்றி இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறேன்: அதை இந்த வடிவில் அறிவிக்காதீர்கள். குழு முழுவதற்கும் கிடைக்க வேண்டிய பணம் ஒருவருடைய காயத்தால் நின்றுபோகும் என்றால், கவாத்துக் கத்தி பட்டுக் கையை வெட்டிக்கொண்டவர் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வார். உடன் இருப்பவர்களும் சொல்ல வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். மண்ணும் எருவும் பட்ட காயத்திற்கு உரிய நேரத்தில் டி.டி. ஊசி போடாமல் விடுவது எத்தனை ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயங்களின் எண்ணிக்கையோடு பரிசைப் பிணைக்கும் திட்டங்கள், காயத்தைத் தெரிவிக்கவிடாமல் தொழிலாளரைத் தடுக்கக்கூடும் என்று அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் 2012-ஆம் ஆண்டிலேயே ஒரு குறிப்பில் எச்சரித்திருக்கிறது. தினக்கூலியை நம்பி வாழ்வோர் மிகுந்த நம் நிறுவனங்களில், பரிசு இல்லாமலே மறைப்பு உண்டு. பரிசு அதை உறுதிப்படுத்திவிடும்.

அந்தத் தொகையை, ஆபத்தை முன்கூட்டியே கண்டு சொன்னவர்களுக்குக் கொடுங்கள். இற்றுப்போன ஏணிப் படியைக் காட்டியவர், தோட்ட விளக்கின் ஒயர் உரிந்திருப்பதைச் சொன்னவர், பாம்பு தங்கும் சருகுக் குவியலை அகற்றச் சொன்னவர் ஆகியோரே உங்கள் நிறுவனத்தைக் காப்பவர்கள். அவர்கள் சொன்ன பிறகு அந்தக் குறை எத்தனை நாளில் சரிசெய்யப்பட்டது என்பதை ஆண்டறிக்கையில் எழுதினால், அதுவே முன்னேற்றத்தின் உண்மையான சான்றாகும்.

இந்த ஆண்டின் பூஜ்ஜியம் மெய்தானா என்று அறிவதற்கு, உங்கள் அலுவலகத்திலேயே சில தாள்கள் இருக்கின்றன. முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் கட்டுத்துணியும் எவ்வளவு செலவாயின என்பதையும் காயப் பதிவேட்டில் எத்தனை பேர் பெயர் உள்ளது என்பதையும் ஒப்பிடுங்கள். மருந்துக்கடை ரசீதுகளையும், காரணம் எழுதப்படாத இரண்டு மூன்று நாள் விடுப்புகளையும் பாருங்கள். வாடிக்கையாளர்களின் கார்க் கண்ணாடி உடைந்ததற்கு நீங்கள் கொடுத்த இழப்பீட்டுப் பட்டியலை மறவாமல் எடுங்கள். கண்ணாடியை உடைத்த ஒவ்வொரு கல்லும் ஒரு மனிதரின் கண்ணில் பட்டிருக்கக் கூடிய கல்தான். பெரும்பாலான நிறுவனங்கள் இதைக் கணக்குப் பிரிவின் செலவாக மட்டும் பார்த்து மறந்துவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

கேள்வி: சென்னையில் ஒரு தோட்ட நிறுவனத்தின் சூப்பர்வைசர் நான். பிரஷ் கட்டர் என்னும், கையில் பிடித்துப் புல் வெட்டும் இயந்திரத்தை இயக்குபவர்கள் அதன் காப்புத் தகட்டைக் கழற்றிவிடுகிறார்கள், கண்ணாடியும் அணிவதில்லை. பலமுறை கண்டித்தும் பயனில்லை. அபராதம் விதிக்கலாமா?
— வாசகர், சென்னை

பதில்: அபராதத்திற்கு முன் அவர்கள் ஏன் கழற்றுகிறார்கள் என்று கேட்டீர்களா? அந்தத் தகட்டில் உள்ள சிறு கத்தி, சுழன்று புல்லை வெட்டும் நைலான் நரம்பை ஓர் அளவுக்கு மேல் நீளவிடாமல் நறுக்குகிறது. தகடு இல்லையென்றால் நரம்பை நீளமாக விட்டு, ஒரே வீச்சில் அகலமாக வெட்டலாம். மழைக்காலத்தில் ஈரப் புல் தகட்டின் அடியில் அப்பிக்கொண்டு இயந்திரத்தைத் திணறடிப்பதும் உண்டு. நாளுக்கு இத்தனை சதுர அடி முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி இருக்கும்வரை தகடு கழன்றுகொண்டேதான் இருக்கும். ஆகவே மழை மாதங்களுக்கு இலக்கைக் குறைத்து, நடுநடுவே இயந்திரத்தை நிறுத்தித் தகட்டைச் சுத்தம் செய்வதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் நீங்கள் வாதாடுவதே முதல் வேலை. நரம்புக்குப் பதில் இரும்புக் கம்பியைக் கட்டும் வழக்கத்தை மட்டும் எந்தச் சமாதானமும் கேட்காமல் உடனே நிறுத்துங்கள். அந்த வேகத்தில் அறுந்து பறக்கும் கம்பித் துண்டு உடலைத் துளைத்துவிடும்.

கண்ணாடி விஷயத்திலும் காரணம் உண்டு. சென்னையின் புழுக்கத்தில் சாதாரணக் கண்ணாடி சில நிமிடங்களில் வியர்வை ஆவியால் மங்கிவிடுகிறது. பார்வை மறைந்த நிலையில் இயந்திரத்தை இயக்குவதைவிட அதைக் கழற்றுவதே மேல் என்று அவர்கள் நினைப்பதில் பொருள் இருக்கிறது. கம்பிவலை முகக்காப்பு மங்காது. ஆனால் அதனூடே மணலும் தூசியும் புகும் என்பதால், உள்ளே ஆவி படியாத பூச்சுள்ள கண்ணாடியும் வேண்டும். இரண்டையும் ஆளுக்கு ஒன்றாக அவரவர் பெயர் எழுதிக் கொடுங்கள். ஒருவர் வியர்வையில் நனைந்ததை மற்றவர் அணியச் சொல்வது முறையன்று.

வெட்டத் தொடங்குமுன் கல், பாட்டில் ஓடு, கம்பி ஆகியவற்றைப் பொறுக்கிவிட்டு, இயந்திரத்தைச் சுற்றி 15 மீட்டருக்குள் எவரும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குடியிருப்புகளில் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரமே இதற்கு ஏற்றது. காதுக்கும் காப்பு கொடுங்கள். பெரும்பாலான பெட்ரோல் இயந்திரங்களின் ஓசை, இயக்குபவரின் காதருகே 95 டெசிபலைத் தாண்டுகிறது. பல ஆண்டுகளில் மெல்ல மெல்லப் போகும் செவித்திறன் எந்த விபத்துப் பதிவேட்டிலும் ஏறாது. ஆகையால், ஆண்டுக்கு ஒருமுறை செவிப் பரிசோதனை செய்யுமாறு வலியுறுத்துங்கள்.

கேள்வி: என் அம்மா மதுரையில் ஒரு குடியிருப்பின் தோட்டத்தில் ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்கிறார். மாதத்தில் சில நாள் களைக்கொல்லி அடிக்கச் சொல்கிறார்கள். அன்று மாலையெல்லாம் தலைவலி, கை எரிச்சல். “அது வெறும் புல் மருந்துதானே” என்கிறார் ஒப்பந்ததாரர். என்ன செய்வது?
— வாசகி, மதுரை

பதில்: முதலில் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். போகும்போது அந்தப் புட்டியின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த வேதிப்பொருள் என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியாகப் பார்க்க முடியும். புல்லைக் கருக்கும் மருந்து மனிதருக்குத் தீங்கற்றது என்ற எண்ணம் மிகத் தவறானது. பாராக்வாட் என்னும் களைக்கொல்லி சிறிதளவு உள்ளே போனாலும் உயிரைக் குடிக்கும்; அதற்கு மாற்று மருந்தும் இல்லை.

இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிப் புட்டியிலும் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், அதன்பின் நீலம், கடைசியாகப் பச்சை என்று நச்சுத்தன்மை குறைகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் இந்த நிறத்தை அறிந்துகொள்ளலாம் என்பதால், அம்மாவுக்கும் அவருடன் வேலை செய்பவர்களுக்கும் இதை நீங்களே கற்றுக்கொடுங்கள். பச்சைக் குறி உள்ளதையும் வெறுங்கையால் கலக்கக் கூடாது. மருந்து மூச்சில் போவதைவிடத் தோல் வழியாக உடலில் சேர்வதே மிகுதி. முதுகில் மாட்டும் ஸ்பிரேயரின் மூடி கசிந்து ரவிக்கையையும் சேலையையும் நனைத்தால், நாள் முழுவதும் அந்த நஞ்சு தோலோடு ஒட்டியிருக்கும். கசியாத ஸ்பிரேயர், ரப்பர் கையுறை, கம்பூட்ஸ், முழுக்கை மேலாடை, முகமூடி, வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளிக்க இடம் ஆகியவற்றைத் தருவது ஒப்பந்ததாரரின் கடமை. காற்றடிக்கும் நேரத்தில் தெளிக்கக் கூடாது. நாசில் அடைத்துக்கொண்டால் வாய் வைத்து ஊதவே கூடாது. அன்றைய துணியை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

ஒப்பந்ததாரர் செவிசாய்க்கவில்லை என்றால் குடியிருப்போர் சங்கத்திற்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அதே புல்லில்தான் விளையாடுகிறார்கள் என்பதால் இது அவர்களுக்கும் உரிய செய்தி.

கேள்வி: வெயிலில் மயங்கி விழுந்ததையும், பாம்பு கடித்ததையும், வேலைக்கு வரும் வழியில் நடந்த விபத்தையும் ஆண்டுக் கணக்கில் சேர்க்க வேண்டுமா?
— வாசகர், திருச்சி

பதில்: மூன்றையும் சேர்க்க வேண்டும். வேலைக்கு வரும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்புடையது என்று நிறுவப்பட்டால், ஈ.எஸ்.ஐ. திட்டத்திலும் வேலை விபத்தாகவே கொள்ளப்படும். 10 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் பெறுவோர் இத்திட்டத்தில் வருவார்கள். வேலையில் காயம்பட்டு ஓய்வில் இருக்கும் நாட்களுக்கு ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். பதிவு செய்யாமல் விட்ட விபத்துக்கு இதைப் பெறுவது கடினம் என்பதால், சிறு காயத்தையும் எழுதி வைப்பது தொழிலாளரின் பணத்தைக் காப்பதும் ஆகும்.

பாம்புக்கடிக்குக் கயிறு கட்டுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். நம் நாட்டில் கிடைக்கும் நச்சுமுறிவு மருந்து, நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் வேலை செய்யும். வெயிலைப் பொறுத்தவரை, மார்ச் முதல் ஜூன் வரை முற்பகல் 11 மணிக்குள் கடின வேலையை முடிக்கும்படி அட்டவணையை மாற்றியவர்கள், அதையும் ஆண்டின் முன்னேற்றமாகத் தாராளமாக எழுதலாம்.

கேள்வி: மழைக்குப் பின் சாய்ந்த கிளைகளை உடனே வெட்டச் சொல்லி வாடிக்கையாளர்கள் நெருக்குகிறார்கள். சில கிளைகள் மின்கம்பியை ஒட்டி நிற்கின்றன. மறுத்தால் ஒப்பந்தம் போய்விடும் என்று முதலாளி அஞ்சுகிறார்.
— வாசகர், கடலூர்

பதில்: மின்கம்பியைத் தொடும் கிளையை, மின்வாரியத்தினர் இணைப்பைத் துண்டித்து அதை உறுதி செய்யும்வரை எவரும் தொடக் கூடாது. ஈரக் கிளையும் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினிய ஏணியும் இரும்புத் துரட்டியும் சொல்லவே வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்ததை நினைவில் வைத்திருப்போர், புயலுக்குப் பிந்தைய வேலை எவ்வளவு அவசரத்தோடு நடக்கும் என்பதை அறிவார்கள். அந்த அவசரத்தில்தான் பழக்கமில்லாதவர்களின் கையில் மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம் போய்ச் சேர்கிறது.

வளைந்து சிக்கிய கிளை முறுக்கேறி நிற்கும். தவறான பக்கத்தில் அறுத்தால் சட்டென்று விடுபட்டு ஆளை அடிக்கும். பெரிய கிளையை, அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி முதலில் கீழ்ப்புறம் சிறிது அறுத்து, பிறகு சற்று வெளியே மேற்புறமிருந்து அறுத்து விழச்செய்து, எஞ்சிய துண்டைக் கடைசியில் எடுக்க வேண்டும். சங்கிலி ரம்பத்தைத் தோளுக்கு மேல் உயர்த்தியோ, ஏணியில் நின்றோ இயக்கவே கூடாது.

ஒப்பந்தம் பற்றிய அச்சத்திற்கு ஆண்டு இறுதியே தக்க தருணம். புதுப்பிக்கும்போது, “மின்கம்பி அருகிலும், இடி மின்னல் வேளையிலும், பலத்த காற்றிலும் மரவேலை நிறுத்தப்படும், அதை முடிவு செய்யும் உரிமை களத்தில் உள்ள மேஸ்திரிக்கே உண்டு” என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். மறுக்கும் பொறுப்பு ஒப்பந்தத் தாளிலேயே இருந்துவிட்டால், மழையில் நனைந்தபடி வாடிக்கையாளரிடம் வாதாட வேண்டிய நிலை உங்களுக்கு வராது.