கால் என்று கேட்டால் பால் என்று காதில் விழுகிறது

கேள்வி: மின்வாரியத்தில் 35 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வயது 69. இரண்டு ஆண்டுகளாகக் காது மந்தம். போன மாதம் பேத்தியின் காதுகுத்து விழாவில் சம்பந்தி, "கால் எப்படி இருக்கிறது?" என்று என் மூட்டுவலியை விசாரித்தார். நானோ, "ஒரே தண்ணீர், விலையும் கொள்ளை" என்று பாலைப் பற்றிப் பதில் சொல்லிவிட்டேன். பந்தியே சிரித்தது. மகன் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அதுதான் இன்னும் உறுத்துகிறது. வீட்டிலும் எதையாவது இரண்டாம் முறை கேட்டால், "ஒன்றுமில்லை அப்பா, விடுங்கள்" என்கிறான். இப்போது டீக்கடைப் பக்கம்கூடப் போவதில்லை. அறைக்குள் டி.வி.யோடு கிடக்கிறேன். வயதானால் இப்படித்தான் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போக வேண்டுமா?

- ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: காலையில் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவோடு வருகிற பொன்மொழிகளில் ஒன்றை எடுத்துப்போட்டு உங்களுக்குத் தெம்பூட்டலாம். எனக்கு அது வராது. உங்களைவிட நாலு வயது மூத்தவள் நான். மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு வயதும் முழங்காலில் தனித்தனியாகத் தெரிகிறது. அந்த உரிமையில் கேட்கிறேன்: இந்த இரண்டு ஆண்டில் ஒரு தடவையாவது காதைச் சோதித்துப் பார்த்தீர்களா? கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். சம்பந்தி இருக்கிறார், மகன் இருக்கிறான், டீக்கடை இருக்கிறது. மருத்துவரை எங்கேயும் காணோம்.

உங்கள் தொழில் மொழியிலேயே சொல்லிப் பார்க்கிறேன். மூன்று ஃபேஸில் ஒன்று போனால் தெருவில் சில வீடுகள் மட்டும் இருட்டாகும். அதற்காக ஊருக்கே கரண்ட் இல்லை என்று நீங்கள் கையை விரித்திருப்பீர்களா? கம்பத்தில் ஏறியிருப்பீர்கள். உங்கள் காதிலும் போயிருப்பது ஒரு ஃபேஸ்தான் என்று தோன்றுகிறது. உட்காதில் நத்தைக்கூடு போல ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் வாசலோரமாக உள்ள நுண்ணிய மயிர் உயிரணுக்கள் உச்ச சுருதியை வாங்குபவை. வயதில் முதலில் தேய்பவை அவைதான். தேய்ந்தவை மறுபடி முளைப்பதில்லை. 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகள் கனமானவை, அவை வந்துவிடுகின்றன. க, ச, த, ப போன்றவை மெல்லியவை, அவற்றின் அடையாளம் பெரும்பாலும் மேல் சுருதியில் இருப்பதால் நழுவிவிடுகின்றன. கால் பாலாவது இப்படித்தான். பெண்கள், குழந்தைகளின் பேச்சு முதலில் மங்குவதும், மேளச் சத்தத்துக்கு நடுவே எதுவும் பிடிபடாமல் போவதும் இதனால்தான். "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை" என்று உங்களுக்கும் தோன்றியிருக்குமே? புத்தி மழுங்கியதால் வருவதல்ல அது.

எனக்கு இது கடுகில் ஆரம்பித்தது. தாளிக்கும்போதெல்லாம் கருகிவிடும். எண்ணெய் சரியில்லை என்று மளிகைக்கடைக்காரரிடம் இரண்டு முறை சண்டை போட்டேன், பாவம் அந்த மனிதர். கடுகு வெடிக்கிற சத்தம் என் காதுக்கு வருவது நின்று வெகுநாளாகியிருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கும் இரண்டு ஆண்டு பிடித்தது என்பதால் உங்களை அதிகம் திட்ட முடியாது. காது கேட்கும் கருவி மாட்டிய முதல் நாள் என் குரலே பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. எவர்சில்வர் தட்டை யாராவது வைத்தால் தூக்கிவாரிப்போட்டது. படுக்கையறை மின்விசிறி கிறீச்சிடுகிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. கழற்றி எறிந்துவிடத் தோன்றும், எறியாதீர்கள். முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் பேசிப் பழகுங்கள், பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். மூளை மறந்துபோன சத்தங்களைத் திரும்பக் கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும்.

கருவியை வாங்க இப்போதே ஓடிவிட வேண்டாம். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர். சில சமயம் குறும்பி அடைத்திருப்பதே பாதிக் காரணமாக இருக்கும், எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஹேர்பின், காய்ச்சின எண்ணெய் வைத்தியமெல்லாம் வேண்டவே வேண்டாம். பிறகு ஆடியோகிராம். எந்தச் சுருதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அந்த வரைபடம் காட்டிவிடும், அதற்கேற்பத்தான் கருவியைச் சரிசெய்வார்கள். விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் வரவழைக்கிற கருவி எல்லாச் சத்தத்தையும் ஒன்றாக ஏற்றித் தலைவலியைத்தான் தரும். கருவியின் விலை ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டுகிறது. மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நீங்கள் ஓய்வூதியக்காரர், சமாளிப்பீர்கள். இதைப் படிக்கிற, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள மூத்தவர்கள் மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தை விசாரிக்கலாம். 2017இல் தொடங்கிய அதில் காது கேட்கும் கருவியும் இலவசமாக உண்டு. இன்னொன்று எல்லோருக்கும்: ஒரு காது மட்டும் திடீரென்று ஓரிரு நாளில் கேட்காமல் போனால் அது வயதின் வேலை அல்ல, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கருவி வந்தாலும் இருபது வயதுக் காது திரும்பாது. கல்யாண மண்டபத்தில் நான் இன்னும் தடுமாறத்தான் செய்கிறேன். சுவருக்கு முதுகு காட்டி, பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி இளம் வயதிலேயே முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். விரல் நேராகட்டும் என்று காத்திருக்காமல் கோணிய விரல்களில் கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல், 58 வயதில்தான் 11 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். நீங்கள் மருத்துவமனை கட்ட வேண்டாம். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டால் போதும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது டீக்கடையை விட்டதுதான். மறதிநோய்க்கு வழிவகுக்கிற, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் பட்டியலிட்டது. காது மந்தமும் அதில் இருக்கிறது, ஆட்களோடு பழகாமல் ஒதுங்குவதும் இருக்கிறது. பயமுறுத்தவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொள்வதால் ஒன்றுக்கு இரண்டாகிறது என்கிறேன்.

மகன் விஷயம். "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்ற சொல் எவ்வளவு குத்தும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலும் புழங்கிய சொல்தான். ஆனால் உங்களுக்கு எது எட்டுகிறது, எது எட்டவில்லை என்று அவனுக்குத் தெரியுமா? கேட்காததற்கும் சிரித்துத் தலையாட்டி இரண்டு ஆண்டு ஓட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நாம் எல்லோரும் செய்கிற திருட்டு அது. அவனையே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், ஆடியோகிராமை அவனும் பார்க்கட்டும். "கத்தாதே, முன்னால் வந்து முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொல்" என்று கேளுங்கள். கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், நழுவுகிற எழுத்து நழுவிக்கொண்டேதான் இருக்கும். சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிற வழக்கத்தை வீட்டம்மாவும் விட வேண்டியிருக்கும், அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

நாளை காலை டீக்கடைக்குப் போங்கள். கருவி வரட்டும் என்று பார்க்க வேண்டாம். பந்தியில் நடந்ததை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், நன்றாகச் சொன்னால் பெஞ்சே குலுங்கும். அப்படியே பாலில் தண்ணீர் கலப்பதைப் பற்றியும் விசாரியுங்கள். அந்தப் புகார் மட்டும் உண்மையாக இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.