ட்யூனர் முள்ளும் தோடி காந்தாரமும்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்குப் பத்து வயது. வாய்ப்பாட்டு கற்கிறாள். அவள் பாடும்போது கைபேசியில், பாடும் சுரம் எங்கே நிற்கிறது என்று முள்ளால் காட்டும் ட்யூனர் செயலியைப் போட்டு வைப்பேன். தோடி ராக வர்ணத்தில் காந்தாரம் ('க') வந்தால் முள் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் ('ரி') மத்யமத்துக்கும் ('ம') நடுவே ஆடுகிறது. பாட்டு டீச்சரோ சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். என் காதுக்கும் காந்தாரமாகத்தான் கேட்கிறது. மூளை நம்மை ஏமாற்றுகிறதா? கீபோர்டு வாங்கிக் கொடுத்தால் சுரம் நிற்குமா?

ஒரு தந்தை, கோவை

அன்புள்ள நண்பருக்கு,

கீபோர்டு உங்கள் இஷ்டம். ஆனால் அந்தச் செயலியை இன்றைக்கே அழித்துவிடுங்கள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு தோடி பாடுகிறது, அப்பா எதிரே உட்கார்ந்து முள்ளைப் பார்க்கிறார். நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

டீச்சர் சொல்வது சரி. தோடி காந்தாரம் ஆடத்தான் வேண்டும். அதை நேராக நிறுத்திப் பிடித்தால் முள்ளுக்குத் திருப்தி, தோடி போய்விடும். அப்புறம், மூளையை ஏமாற்றுக்காரன் ஆக்காதீர்கள். பழைய லேண்ட்லைன் ஃபோன் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் ஒழுங்காக அனுப்பாது. ஆண் குரலின் அடிச்சுருதி, அதாவது அடிப்படை அதிர்வு, 120 பக்கத்தில் இருக்கும். இருந்தும் அப்பாவின் கனத்த குரல் கேட்டதல்லவா? வந்து சேர்ந்த மேல் அதிர்வுகளை வைத்து, வராத அடிச்சுருதியை மூளை கண்டுபிடித்துக்கொண்டது. எதையும் தனியாகக் கேட்கிற பழக்கம் அதற்குக் கிடையாது; ஆடுகிற காந்தாரத்தையும் கூட வருகிற சுரங்களோடு சேர்த்துத்தான் கேட்கிறது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. அவள் பாடும்போது வீட்டில் பின்னால் விடாமல் ஒலிக்கிற சுருதி ஓடுகிறதா? கடிதத்தில் ட்யூனர் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, தம்புராவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எனக்குக் குரல் உடைந்து, பாடும் சுருதி ஒரு கட்டைக்குக் கொஞ்சம் மேலே நின்ற வயது. பாட்டு சார் வீட்டில் மோகன ராகம் பாடிக்கொண்டிருந்தேன். சுருதிப் பெட்டியின் துருத்தியை அமுக்கிக்கொண்டிருந்த என் அக்கா கை வலிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். நான் பாட்டுக்குப் பாடினேன். திண்ணையிலிருந்து சார் குரல் கொடுத்தார்: "என்னடா, மோகனம் பாடச் சொன்னா சுத்த சாவேரி பாடறே?"

அது வேறு ராகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு சுரம்கூட மாற்றவில்லையே! அவர் சிரித்துக்கொண்டே திண்ணைக்குக் கூப்பிட்டு, அதே வரியை அவரே பாடிக் காட்டினார். சுத்த சாவேரிதான். வாசலுக்கு எதிரே டிரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டிருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மரின் இரைச்சல் அதில் இரு மடங்கு, 100. அது என் பஞ்சமத்தில் ('ப') போய் விழுந்திருக்கிறது. சுருதிப் பெட்டி நின்றதும் திண்ணையில் இருந்தவர் காதுக்கு அதுவே சட்ஜம், அதாவது ஆதாரமான 'ஸ'. மோகனத்தின் பஞ்சமத்தை சட்ஜமாக்கினால் சுத்த சாவேரி. ரிஷபத்தை ஆக்கினால் மத்யமாவதி, காந்தாரத்தை ஆக்கினால் ஹிந்தோளம். இதையே வித்வான் மேடையில் வேண்டுமென்று செய்தால் கிரக பேதம் என்று கைதட்டுவோம்.

அதனால்தான் மறுபடியும் மறுபடியும் சொல்கிறேன், சுருதி இல்லாமல் பாட விடாதீர்கள். விடிகாலையில் பத்து நிமிஷமாவது தம்புராவை மட்டும் கேட்கட்டும், பாடவே வேண்டாம். அதில் நாலே தந்தி: ஒரு பஞ்சமம், இரண்டு சட்ஜம், ஒரு கீழ் சட்ஜம். காந்தாரத்துக்குத் தந்தியே கிடையாது. ஆனால் தந்திக்கு அடியில் செருகுகிற ஜீவாளி நூல் சரியான இடத்தில் உட்கார்ந்தால் அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். அவளுக்கு அது கேட்கிற அன்றைக்கு எனக்கு எழுதுங்கள். தம்புரா வாங்க வசதியில்லை என்றால் தம்புராச் செயலி இருக்கிறது, ட்யூனரை அழித்த இடத்தில் அதைப் போடுங்கள்.

சார் இப்போது இல்லை. அந்த டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு மழையில் எரிந்துபோய்ப் புதிது வைத்துவிட்டார்கள். போன மாதம் அந்தத் தெருவில் கொஞ்ச நேரம் நின்றேன். அதே சுருதி.