பிரிட்டிஷ் அரச குடும்பத்துச் சடங்குகளில் உங்களை மிகவும் கவர்ந்தது எது? இந்தக் காலத்தில் அவற்றுக்கு அர்த்தம் இருக்கிறதா?

முடிசூட்டு விழா, நாடாளுமன்றத் தொடக்கம், ஜூன் மாத ராணுவ அணிவகுப்பு எல்லாம் டிவியில் பார்த்துப் பழகியவை. என்னைக் கேட்டால் அதிகம் பேசப்படாத ராயல் மாண்டியைத்தான் சொல்வேன். ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை, அதாவது பெரிய வியாழன் அன்று, மன்னர் ஒரு பேராலயத்துக்குப் போய் முதியவர்கள் கையில் சின்னச் சின்ன வெள்ளிக் காசுகளைக் கொடுக்கும் சடங்கு அது.

நாணயம் சேகரிக்கும் பழக்கத்தால்தான் இது எனக்கு அறிமுகமானது. மாண்டி காசு நான்கு வகை: 1, 2, 3, 4 பென்ஸ். ஒரு பென்னி காசை உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. குறுக்களவு 11 மில்லிமீட்டர் சொச்சம், எடை அரை கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. 2 பென்ஸ் காசு அதைப்போல இரண்டு மடங்கு எடை, 3 பென்ஸ் மூன்று மடங்கு, 4 பென்ஸ் நான்கு மடங்கு. காசின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியிலேயே இருந்த காலத்தின் கணக்கு இது, இன்றைக்கும் மாறவில்லை. ஒரு பக்கம் மன்னரின் முகம். மறுபக்கம் கிரீடம் வைத்த ஓர் எண், சுற்றிலும் ஓக் இலை வளையம். அந்த எண் நடுவில் வந்து, காசில் பொறித்த ஆண்டை இரண்டாகப் பிரித்துவிடும். 1947-ல் பிரிட்டனின் மற்ற வெள்ளிக் காசுகள் எல்லாம் செம்பு-நிக்கலுக்கு மாறின. அதற்கு முன் கால் நூற்றாண்டாகப் பாதி வெள்ளியாக இருந்த மாண்டி காசு மட்டும் அதே ஆண்டில் 92.5 சதவீத வெள்ளிக்குத் திரும்பியது. சட்டப்படி இது செல்லும் காசு, கடையில் நீட்டலாம். யாருக்கும் மனசு வராது, அவ்வளவுதான்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது எண்ணிக்கை. மன்னருக்கு எத்தனை வயதோ அத்தனை ஆண்கள், அத்தனை பெண்கள். ஒவ்வொருவருக்கும் அத்தனை பென்ஸ். 2025-ல் டர்ஹம் பேராலயத்தில் சார்ல்ஸ் மன்னர் 76 ஆண்களுக்கும் 76 பெண்களுக்கும் கொடுத்தார். நான்கு காசும் சேர்ந்த ஒரு வரிசை 10 பென்ஸ். ஆக, ஆளுக்கு ஏழு வரிசை, மேற்கொண்டு ஆறு பென்சுக்குத் தனிக்காசு. மன்னருக்கு வயது ஏற ஏற வாங்குபவர்களும் கூடுகிறார்கள், கொடுக்கும் தொகையும் கூடுகிறது. நான்காம் ஹென்றி காலத்தில் தொடங்கிய இந்தக் கணக்குக்கு அறுநூறு வயது ஆகிவிட்டது.

வழக்கம் அதைவிடப் பழையது. ஜான் மன்னர் 1210-ல் நேர்ஸ்பரோவில் ஏழைகளுக்கு உடையும் உணவும் கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது. 1213-ல் ராச்செஸ்டரில் 13 ஏழைகளுக்கு ஆளுக்கு 13 பென்ஸ் கொடுத்தார். பதிமூன்று என்பது இயேசுவையும் பன்னிரண்டு சீடர்களையும் குறிக்கும். கடைசி இரவு உணவின்போது இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார் அல்லவா, அந்த நிகழ்ச்சியிலிருந்து வந்ததுதான் எல்லாமே. அந்த நாளில் இங்கிலாந்து மன்னர்களும் தங்கள் கையாலேயே ஏழைகளின் கால் கழுவினார்கள்.

அது எப்படி நடந்தது என்பதற்கு ஒரு நேரடி சாட்சியம் இருக்கிறது. 1556-ல் கிரீனிச்சில் முதலாம் மேரி அரசி செய்ததை, கார்டினல் ரெஜினால்ட் போல் என்ற கத்தோலிக்கத் தலைவரின் செயலாளராக இருந்த ஓர் இத்தாலியர் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். கூடத்தில் 41 ஏழைப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அரசிக்கு அப்போது நாற்பது முடிந்து 41 நடப்பு. இடுப்பில் ஏப்ரன் கட்டி, கழுத்தில் நீளமான லினன் துண்டு போட்டுக்கொண்டு, முதல் பெண்ணின் முன்னால் மண்டியிட்டார். வலது காலைக் கழுவி, துடைத்து, குனிந்து முத்தமிட்டார். அடுத்த பெண்ணிடம் போக எழுந்திருக்கவில்லை. அந்தக் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழங்காலிலேயே நகர்ந்து போனார். பிறகு மீன், ரொட்டி, ஒயின், துணி, செருப்பு, காலுறை, 41 பென்னி போட்ட தோல் பை என்று ஒவ்வொன்றையும் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். கடைசியில் தான் உடுத்தியிருந்த ஊதா நிற அங்கியை யாருக்குக் கொடுப்பது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி இரண்டு சுற்று சுற்றிவந்தார். இருப்பவர்களிலேயே ஏழையாகவும் வயதானவராகவும் இருந்த ஒரு பெண்ணுக்கு அது போனது.

புராட்டஸ்டன்ட்டுகளை எரித்தவர் என்றுதான் வரலாறு இந்த மேரியை நினைவில் வைத்திருக்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் அதே அரசி அன்று மண்டியிட்டு நகர்ந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

அவருக்குப் பின் வந்த முதலாம் எலிசபெத் தன் அங்கியைக் கொடுப்பதற்குப் பதிலாக ஆளுக்கு 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு, கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். இந்த ஒரு பவுண்டு எங்கே போனது என்று தேடினால் அது இன்னும் இருக்கிறது! இப்போது ஒவ்வொருவருக்கும் இரண்டு தோல் பைகள் கொடுக்கிறார்கள். வெள்ளைப் பையில் மாண்டி காசுகள். சிவப்புப் பையில் சாதாரணப் பணமாக 5 பவுண்டு 50 பென்ஸ். அதைப் பிரித்துப் பார்த்தால் பழைய தானம் ஒவ்வொன்றும் தெரியும்: உடைக்கு 3 பவுண்டு, உணவுக்கு ஒன்றரை, அரசியின் அங்கிக்கு ஒன்று. சார்ல்ஸ் மன்னர் கையில் அந்தப் பை மாறும்போது, முதலாம் எலிசபெத் தராமல் விட்ட அங்கியின் விலையும் கூடவே போகிறது. எனக்கு இந்தச் சடங்கு பிடித்துப்போக இந்த ஒரு பவுண்டே போதும்.

கால் கழுவுவது நிலைக்கவில்லை. இரண்டாம் ஜேம்ஸ்தான் தன் கையால் கழுவிய கடைசி மன்னர் என்பார்கள். அப்புறம் கொஞ்ச காலம் மன்னரின் தர்மாதிகாரியான பிஷப் அதைச் செய்தார். 18-ஆம் நூற்றாண்டு பாதியாகும் முன்னே அதுவும் நின்றுபோனது. மன்னர்கள் வருவதும் நின்றது, அதிகாரிகளே பணத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1932-ல் ஐந்தாம் ஜார்ஜ் நேரில் வந்து கொடுத்ததிலிருந்துதான் மறுபடி உயிர் வந்தது. அவரை வரச் சொல்லி யோசனை கொடுத்தது அவருடைய உறவினரான இளவரசி மேரி லூயிஸ்.

ஆனால் இன்று நாம் பார்க்கும் வடிவத்தைக் கொடுத்தவர் இரண்டாம் எலிசபெத் அரசி. அதற்கு முன் நெடுங்காலமாக இது லண்டன் சமாசாரமாகவே இருந்தது. 1957-ல் அவர் செயின்ட் ஆல்பன்ஸ் பேராலயத்துக்குக் கொண்டுபோனார். பிறகு ஆண்டுக்கு ஓர் ஊர் என்று சுற்ற ஆரம்பித்தது: 1982-ல் வேல்ஸில் செயின்ட் டேவிட்ஸ், 2008-ல் வட அயர்லாந்தில் ஆர்மா. 2017-ல் லெஸ்டரோடு இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் பேராலயங்கள் எல்லாவற்றுக்கும் போய்வந்த கணக்கு முடிந்தது. அரண்மனை வாசலுக்கு வா என்று கூப்பிடாமல், உன் ஊருக்கு நான் வருகிறேன் என்றார். இந்த மாற்றம் பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன். 2020, 2021 கொரோனா காலத்தில் ஆராதனை நடக்கவில்லை. அப்போதும் காசுகள் தபாலில் வீடு தேடிப் போயின.

சடங்கைப் பார்த்தால் பழைய தடயங்கள் கண்ணில் படும். சிவப்புச் சீருடை போட்ட யோமன் என்ற அரச மெய்க்காவலர்கள், பைகள் அடுக்கிய பெரிய தட்டுகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வருவார்கள். பிஷப்பும் அவரோடு வருபவர்களும் தோளில் லினன் துண்டு போட்டிருப்பார்கள். கால் கழுவுவது போய் முந்நூறு வருஷம் ஆகப்போகிறது, துண்டு மட்டும் நிற்கிறது. கையில் வாசனைப் பூச்செண்டு வேறு. கூட்டத்தின் நாற்றமும் நோயும் அண்டாமல் இருக்க அந்தக் காலத்தில் பிடித்துக்கொண்டது. பைகளை வாங்குபவர்கள் மன்னரிடம் எழுந்து போவதில்லை. அவர்கள் இடத்திலேயே இருக்க, மன்னர்தான் வரிசை வரிசையாக நடந்து போகிறார்.

சரி, அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இதை ஏழைகளுக்கான உதவி என்று சொன்னால் பொய். இப்போது வறுமையைப் பார்த்து ஆள் எடுப்பதில்லை. சபைக்கும் ஊருக்கும் நெடுங்காலம் உழைத்த முதியவர்களை உள்ளூர்ச் சபைகளே பரிந்துரைக்கின்றன. பல வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியவர், முதியோருக்குச் சாப்பாடு கொண்டுபோனவர் மாதிரியான ஆட்கள். பட்டமும் பதக்கமும் அவர்களை எட்டிப் பார்க்காது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாட்டின் தலைவர் நடந்துவந்து, கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவதற்கு மதிப்பு உண்டு என்றே நம்புகிறேன். பணத்தின் அளவை வைத்து இதை அளக்கக் கூடாது.

ஆனாலும் எனக்கு ஒரு குறை இருக்கிறது, ஆசை என்றும் சொல்லலாம். கால் கழுவுவதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோயில்களில் பெரிய வியாழன் மாலை பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். 2013-ல் போப் பிரான்சிஸ் ரோமில் இளம் குற்றவாளிகளுக்கான சிறைக்குப் போய் மண்டியிட்டுக் கழுவினார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபைக்கு மன்னரே தலைவர். துண்டு ஏற்கெனவே பிஷப்பின் தோளில் கிடக்கிறது. ஓர் ஆண்டு, ஒரே ஒருவருக்காவது, மன்னர் அதை வாங்கித் தன் இடுப்பில் கட்டிக்கொள்ளலாம்.