500 ரூபாய்க்குள் ஹெட்போன் வாங்கலாமா, காசுக்குத்தான் கேடா?

பாடம் கேட்க 500 ரூபாய்க்குள் ஹெட்போன் வாங்கலாமா, காசு சேர்த்து நல்லதாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். ஒயர் உள்ளதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஒயர் இல்லாத ப்ளூடூத் வகையை மட்டும் அந்த விலைக்கு வாங்காதீர்கள்.

ஹாஸ்டலில் இருந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், "காசு சேர்த்து நல்லதாக வாங்கலாமா" என்று சேர்த்துக் கேட்டிருப்பதைப் பார்த்தால் யாரோ ஏற்கெனவே உங்களைக் குழப்பிவிட்டார்கள். மலிவாக வாங்கினால் இரண்டு செலவு என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்களுக்குச் செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம். அப்பச்சிக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) எழுபது தாண்டியதிலிருந்து காது கொஞ்சம் மந்தம். டாக்டரிடம் காட்டினோம் (காட்டாமல் ஹெட்போனை மாட்டிவிட்டான் என்று யாரும் கிளம்ப வேண்டாம்), வயசுக்கு வருவதுதான், காது கேட்கும் மெஷின் இப்போதே அவசரமில்லை என்றார். ஆனால் ராத்திரி நியூஸ் பார்க்கும்போது டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் போகும். பழைய வீடு, ஹாலுக்கு அவ்வளவு உயரம், கீழே ஆத்தங்குடிக் கல், சுவரெல்லாம் முகம் பார்க்கிற மாதிரி சுண்ணாம்புப் பூச்சு, திரைச்சீலை கிடையாது, மெத்தை நாற்காலி கிடையாது. சத்தத்தை உறிஞ்ச அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு வார்த்தை சுவரில் மோதித் திரும்பி வருவதற்குள் அடுத்த வார்த்தை வந்துவிடும். நல்ல காதுக்கே நியூஸ் வாசிப்பது கலங்கலாகத்தான் கேட்கும். வயசானவர்களுக்கு முதலில் குறைவது கீச்சுச் சத்தங்கள், ச, த, ப மாதிரி எழுத்துகள் பிடிபடாது. அவர் பேச்சு புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவார், கூட்டக் கூட்ட எதிரொலியும் கூடும்.

சென்னையில் இருக்கும் அண்ணன், 8,000 ரூபாய்க்கு ப்ளூடூத் ஹெட்போன் ஒன்று அனுப்பினான். நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் டிவியோடு சேர்த்தால் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ப்ளூடூத்தில் சத்தத்தைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிக்க நேரம் எடுக்கும், 0.2 நொடி பிந்தினால்கூட உதடு பார்த்துப் புரிந்துகொள்கிறவருக்கு அது பெரிய இடைஞ்சல். அப்பச்சிக்குச் சார்ஜ் போடவும் ஞாபகம் இருக்காது. அது அலமாரிக்குள் போய்விட்டது.

நான் காரைக்குடியில் 450 ரூபாய்க்கு, காது மேல் உட்காருகிற, ஒயரிலேயே வால்யூம் திருகு வைத்த ஒன்றை வாங்கினேன். இந்த மாதிரி ஹெட்போன்களுக்கு ஒயர் பெரும்பாலும் ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மீட்டர், அதனால் 5 மீட்டருக்குத் தனியாக ஒரு நீட்டிப்பு ஒயர். எங்கள் டிவியில் ஹெட்போன் ஓட்டை இல்லை, ஒளி வழியாகச் சத்தம் அனுப்புகிற ஆப்டிகல் ஓட்டை மட்டும்தான், அதை ஹெட்போனுக்கு ஏற்றபடி மாற்ற ஒரு சின்ன கன்வெர்ட்டர் பெட்டி. (டிவி செட்டிங்கில் சத்தத்தைப் பிசிஎம் (PCM) என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் சத்தமே வராது அல்லது கரகரக்கும். கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.) எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். அன்றைக்கு ராத்திரி அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் நியூஸ் பார்த்தார், பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்கினார்கள். சத்தம் நேராகக் காதுக்குள் போனால் ஹாலின் எதிரொலிக்கு அங்கே வேலையே இல்லையே.

சில மாதம் கழித்து அப்பச்சி, "பாட்டு கேக்குது, பேச்சு மட்டும் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குடா" என்றார். உடனே வீடு முழுக்க ஒரே முடிவு, காது இன்னும் போய்விட்டது, மெஷின் வாங்கணும். அண்ணன் விலைப்பட்டியலே அனுப்பிவிட்டான், முப்பதாயிரத்தில் ஆரம்பித்தது. நான் அவரிடமிருந்து ஹெட்போனை வாங்கி என் காதில் மாட்டிப் பார்த்தேன். எனக்கும் அப்படியே கேட்டது! வயலினும் தபேலாவும் வருகிறது, பாடுகிறவரைக் காணோம். ஒயரில் இடது, வலது இரண்டுக்கும் பொதுவாக ஒரு செம்புக் கம்பி இருக்கும், கிரவுண்டு என்பார்கள். அது அறுந்தால் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதில் விழும். பேச்சும் பாட்டுக் குரலும் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் செய்கிற தம்பியிடம் கொடுத்தேன். ஜாக்குக்குப் பக்கத்தில் வெட்டி, கம்பி மேலே இருக்கும் வார்னிஷ் பூச்சைச் சூட்டில் எரித்து, புது ஜாக் பற்றவைத்தார். பொருளும் கூலியும் சேர்த்து 60 ரூபாய். முப்பதாயிரம் எங்கே, 60 எங்கே.

மெஷின் தேவைப்படுகிறவர்களுக்கு அது தேவைதான், ஹெட்போன் அதற்கு மாற்று என்று நான் சொல்லவில்லை.

இதில் கூத்து என்னவென்றால், கல்யாணத்துக்கு வந்த பெரியப்பச்சி மகன்கள் ஹாலில் ஒயர் ஓடுவதைப் பார்த்து "வீட்டு அழகே போச்சு" என்றார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இருப்பதை வாட்ஸ்அப் குழுவில் பெருமையாகப் போடுவார்கள், முகப்பில் நின்று போட்டோ எடுப்பார்கள். வீட்டின் இரண்டாங்கட்டில் ஓடு சரிந்து மழை ஒழுகுகிறது, பங்குக்கு இவ்வளவு போடுங்கள் என்று கேட்டால் அதே குழுவில் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. சரி, அதை விடுங்கள்.

தன் அப்பச்சி காதை வைத்து எல்லாருக்கும் சொல்கிறான் என்பீர்கள். 2017-ல் ஜெரோன் ப்ரீபார்ட் என்கிற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து ஒப்பிட்டார். தடித்த சத்தம் முதல் கீச்சுச் சத்தம் வரை எதை எவ்வளவு கொடுக்கிறது என்பதற்கும் விலைக்கும் அவருக்குத் தொடர்பே தெரியவில்லை. அதற்காக 450-ம் 25,000-மும் ஒன்றாகிவிடாது. வெளிச்சத்தத்தை அடக்குவது, மணிக்கணக்கில் போட்டாலும் காது வலிக்காதது, மடக்குகிற இடம் உடையாதது, இதற்கெல்லாம் காசு கொடுத்துத்தான் ஆகணும். பல்லவன் ரயிலில் சென்னைக்கு வாராவாரம் போய்வருகிறவர் என்றால் அந்தச் செலவு நியாயம். ஹாஸ்டல் அறையில் பாடம் கேட்க அது வேண்டாம்.

மலிவு ப்ளூடூத்தை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அதற்குள் இருக்கிற குட்டி பேட்டரிதான் காரணம். சில நூறு தடவை சார்ஜ் ஏறினால் தேய்ந்துவிடும், மாற்ற முடியாதபடி ஒட்டியிருப்பார்கள், ரிப்பேர் தம்பியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

காதுக்குள் வைக்கிற வகை வாங்கினால், கூட வருகிற ரப்பர் மூடி மூன்று அளவையும் மாட்டிப் பாருங்கள். பேஸ் (தடித்த சத்தம்) இல்லை என்று திட்டுகிறவர்களில் பல பேர் காது ஓட்டைக்குச் சேராத மூடியைப் போட்டிருப்பார்கள், காற்று கசிந்தால் முதலில் போவது பேஸ்தான். சத்தத்தை ஏற்றி வைக்காதீர்கள், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம், 90 என்றால் 4 மணி நேரம்தான். கடையிலேயே உங்கள் போனில் குரல் தெளிவாக உள்ள ஒரு பாட்டைப் போட்டு, ஜாக் பக்கத்து ஒயரை இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். குரல் விட்டு விட்டு வந்தால் வேறு ஒன்றை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.