சாலை வளைவைக் கண்ணால் காட்டுவது எப்படி? கேள்வி பதில்

பாலிடெக்னிக்கில் நெடுஞ்சாலைப் பாடம் எடுக்கிறேன். காட்சிக் கருவிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

பார்வைத் தூரத்தை, அதாவது முன்னால் கிடக்கும் தடையைப் பார்த்து வண்டியை நிறுத்தத் தேவையான தூரத்தை, சூத்திரமாகச் சொன்னால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். எப்படிக் காட்டலாம் சார்?

தெர்மோகோல், இரண்டு குண்டூசி, நூல் போதும் மேடம். 2 சதவீதம் ஏறி 2 சதவீதம் இறங்கும் மேட்டை வெட்டச் சொல்லுங்கள். நீளத்தில் 1 செ.மீ. என்பது 10 மீட்டர், உயரத்தில் 1 செ.மீ. என்பது 1 மீட்டர். ஓட்டுநரின் கண் 1.2 மீட்டர் உயரம், அதற்கு 12 மி.மீ. நீட்டிய ஊசி. சாலையில் கிடக்கும் கல் 15 செ.மீ., அதற்கு ஒன்றரை மி.மீ. மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு ஐஆர்சி (சாலை வடிவமைப்பு விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ்) கேட்கும் பார்வைத் தூரம் 120 மீட்டர். ஆகவே மேட்டின் இரு பக்கமும் சரிசமமாக, 12 செ.மீ. இடைவெளியில் ஊசிகளைக் குத்தி, அவற்றின் தலைகளுக்கு இடையே நூலைக் கட்டுங்கள். நூல்தான் ஓட்டுநரின் பார்வைக் கோடு. இரு சரிவையும் மேலே இணைக்கும் உச்சி வளைவு 6 செ.மீ. நீளம்தான் என்றால் நூல் மேட்டில் இடிக்கும். 13 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே போனால் உரசாமல் தாண்டும். என் வகுப்பில் ஒரு பையன் நூல் இடிப்பதைப் பார்த்து, "அப்போ கல்லு தெரியவே தெரியாதா சார்?" என்றான். அதற்கப்புறம்தான் கரும்பலகையில் சூத்திரத்தையே எழுதினேன்.

கொல்லிமலைப் பாதையை கூகுள் எர்த்தில் காட்டலாமா?

தாராளமாக. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே திரையில் பார்ப்பதே தனி அனுபவம். ஆனால் உயர வரைபடத்தை அப்படியே நம்பாதீர்கள். கோடு சாலையிலிருந்து கொஞ்சம் விலகிச் சரிவில் விழுந்தாலே ஏற்றம் 25, 30 சதவீதம் என்று காட்டும். செங்குத்தான மலையில் விதிவிலக்காகக்கூட ஐஆர்சியின் வரம்பு 8 சதவீதம்தான். இந்த முரண்பாட்டையே வகுப்பில் கேள்வியாகப் போடுங்கள்.

வளைவில் சாலையை ஏன் அகலப்படுத்துகிறோம் என்பதற்கு பொம்மை பஸ் போதும். சக்கரங்களில் மை தடவி, சார்ட்டில் வளைவாக உருட்டினால் பின்சக்கரத் தடம் உள்பக்கம் ஒதுங்கி விழும். 14 மீட்டர் ஆர வளைவில், அச்சுகளுக்கு இடையே 6 மீட்டர் உள்ள நிஜ பஸ்ஸுக்கு அந்த ஒதுக்கம் சுமார் 1.3 மீட்டர்.

சூப்பர் எலிவேஷனை, அதாவது வளைவில் சாலையின் வெளி விளிம்பை உயர்த்திச் சாய்ப்பதை, எப்படிக் காட்டுவது?

காருக்குள் பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டில். 230 மீட்டர் ஆரம், 7 சதவீதச் சாய்வு உள்ள வளைவில் 45 கி.மீ. வேகத்தில் போனால் தண்ணீர் மட்டம் சாலைக்கு இணையாகவே நிற்கும். வேகம் கூடினால் வெளிப்பக்கம் ஏறும். சாய்வு சமாளிக்காத அந்த மிச்ச வெளித்தள்ளலைத் தாங்குவது டயரின் உராய்வு. நேரில் ஓட்ட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தவர் எடுத்த வீடியோ போதும்.

சாலை வடிவமைக்கும் கணினி மென்பொருளான சிவில் 3டியை முதல் நாளே ஆரம்பிக்கலாமா?

வேண்டாம் தம்பி. மென்பொருள் வளைவை அழகாகப் போட்டுக் கொடுத்துவிடும், ஏன் அந்த ஆரம் என்று கேட்டால் பையன் முழிப்பான். மூன்றாவது வாரம் திறந்துகொள்ளுங்கள், அந்தத் தெர்மோகோல் மேட்டையே முதலில் வரையச் சொல்லுங்கள்.