ஊசி போட்டால் உடம்பு ஏறுகிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு 43 வயது டாக்டர். ஆறு வருஷமாகச் சுகர். போன வருஷம் மாத்திரைக்குக் கட்டுப்படாமல், 64 கிலோ இருந்த நான் 55-க்கு வந்துவிட்டேன். ஆடி மாதம் இன்சுலின் ஆரம்பித்தார்கள். தை பிறக்கும்போது 62 கிலோ. மாயவரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த சித்தி, "சுகர் சுகர்னு சொல்ற, இப்படி ஊதிப்போய்ட்டியேடி, இதுல பாயசம் வேறயா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அன்றிலிருந்து ராத்திரி ஊசியை நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரரிடம் போட்டாச்சு என்று சொல்கிறேன். இரண்டு கிலோ குறைந்திருக்கிறது, ஆனால் ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போகிறேன், காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. ஊசி இல்லாமல் எடையைக் குறைக்க வழி உண்டா?
ஒரு வாசகி, கும்பகோணம் அருகே

பதில்: இதைப் படித்த மறுநாளே உங்கள் டாக்டரைப் பாருங்கள் அம்மா. எத்தனை நாள் ஊசி விட்டுப்போனது என்பதை மறைக்காமல் சொல்லி, அவர் சொல்லும் அளவில் திரும்ப ஆரம்பியுங்கள். அதற்குள் வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது என்று ஏதாவது வந்தால் காத்திருக்கவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

64-லிருந்து 55-க்கு இறங்கினீர்களே, அது நல்ல இளைப்பு இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தாலும், வழியில் கரை உடைந்து கிடந்தால் கடைமடை வயல் காய்ந்துதான் கிடக்கும். இன்சுலின் போதாத உடம்பிலும் அப்படித்தான், ரத்தத்தில் சர்க்கரை கரைபுரண்டு ஓடும், தசைக்குப் போய்ச் சேராது. சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டிவிட்டால் சிறுநீரகத்தாலும் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரோடு இறங்கிவிடும். ஒரு நாளைக்கு 100 கிராம் அப்படிப் போனால் 400 கலோரி போச்சு, கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு. பசியில் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து எரிக்க ஆரம்பிக்கும். ஊசி போட்டதும் அந்த உடைப்பு அடைபடுகிறது, சாப்பிட்டது உடம்பில் தங்குகிறது. உங்களுக்கு ஏறிய ஏழு கிலோவில் பெரும்பகுதி, இழந்த ஒன்பதில் திரும்பி வந்ததுதான். 62 என்பது பழைய 64-க்குக் கீழேதானே இருக்கிறது, கவனித்தீர்களா? ஊசியை விட்டபின் குறைந்த இரண்டு கிலோவும் மறுபடி அந்த உடைப்பு வழியாகப் போனதுதான், ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது அதனால்தான்.

1922 ஜனவரியில் டொரான்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள், மனிதருக்கு இன்சுலின் வைத்தியம் தொடங்கியது அங்கேதான். அதற்கு முன்பு அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வைத்தியம் அரைப்பட்டினி போடுவதுதான், எலும்பும் தோலுமாக இருந்து போய்விடுவார்கள். ஊசி வந்தபின் அவர்கள் கன்னத்தில் சதை பிடித்ததைத்தான் மருந்து வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சியாகப் பார்த்தார்கள். உங்கள் சித்தி பார்த்ததும் அதைத்தான், பாவம், அவருக்குத் தெரியவில்லை.

ஏறும் எடை எல்லாமே இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். லோ சுகர் பயத்தில் ஏறுவதும் உண்டு. ஒரு ராத்திரி வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து எழுந்தவர்களுக்கு அந்தப் பயம் போவதே இல்லை. அப்புறம் தினமும் படுக்கும்முன் நாலு பிஸ்கட், ஒரு டம்ளர் பால், பாதி முறுக்கு. லோ ஆனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிஷம் பொறுத்துத் திரும்பப் பரிசோதித்தால் போதும். அடிக்கடி லோ ஆகிறது என்றால் ஊசி அளவு கூட இருக்கிறது என்று அர்த்தம், டாக்டர் குறைப்பார். கிளிமிபிரைடு மாதிரி எடை ஏற்றும் மாத்திரையும் சேர்ந்து ஓடினால் மாற்றலாம், மெட்ஃபார்மின் சேர்க்கலாம், எடை குறைக்கும் புதிய மருந்துகளும் இருக்கின்றன. வாய் திறந்து கேட்டால்தான் இதெல்லாம் நடக்கும். சாப்பாட்டில், தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ, மிச்சக் கால் பங்கில் மட்டும் சோறு. மாப்பிள்ளைச் சம்பா என்றாலும் அதுவும் அரிசிதான், அளவு பார்த்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். எடையை வாரம் ஒரு தடவை காலையில் பாருங்கள், தினம் ஏறி நிற்க வேண்டாம்.

இனி அந்த அழுகை. என் மேஜைக்கு வரும் சுகர் நோட்டுகளில் சிலது பார்த்ததுமே தெரிந்துவிடும். ஒரு மாதக் கணக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், 120, 118, 122 என்று இருக்கும். ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இருக்காது, ஒரு மடிப்பு இருக்காது. முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது. இளம் வயதில் அப்படி நோட்டு கொண்டுவந்தவர்களை நான் கடிந்துகொண்டிருக்கிறேன், அதற்கு இன்றும் வருந்துகிறேன். டாக்டரைக் கண்டு, வீட்டாரைக் கண்டு, பார்ப்பவர் சொல்லைக் கண்டு பயந்துபோனவர்கள் எழுதும் நோட்டு அது. நீங்கள் வீட்டுக்காரரிடம் போட்டாச்சு என்று சொல்வதும் அதே பயம்தான், அதற்காகக் குற்றவாளி மாதிரி உட்கார வேண்டாம். தினம் குத்திக்கொண்டு, எண்ணிச் சாப்பிட்டு, அதற்குமேல் பேச்சும் கேட்டால் யாருக்கும் அலுத்துத்தான் போகும். இதற்கு மருத்துவத்தில் டயபடிஸ் டிஸ்ட்ரஸ் என்று பெயரே உண்டு. இது போக, மனச்சோர்வு நோயும் சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வருகிறது. உங்களையே இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள்: கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாள் எதிலும் ஆர்வமே இல்லையா? பெரும்பாலான நாள் மனசு பாரமாக, நம்பிக்கையற்று இருந்ததா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு (டெலி மானஸ்) கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நம் பக்கத்தில் ஆளைப் பார்த்ததும் "என்ன, இப்படி இளைச்சுட்ட?", "நல்லா சதை போட்டுட்டியே" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறோம். பாசத்தில் வருவதுதான், ஆனால் சர்க்கரைக்காரர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் ராத்திரியெல்லாம் புரட்டிக்கொண்டிருப்பார். அடுத்த விசேஷத்தில் யாராவது கேட்டால், "ஆமா சித்தி, ஊசி நல்லா வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு இலையைப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, விவசாயம். எட்டு வருஷமாகச் சுகர், கடைசியாகப் பார்த்தபோது ஓரளவு கட்டுக்குள்தான் இருந்தது. நாலு மாதத்தில் 72 கிலோவிலிருந்து 64. டீக்கடையில் ஒருவர் "ஆளு பாதியாயிட்டீங்களே, பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்றதிலிருந்து அந்தப் பக்கமே போவதில்லை. வயலுக்கும் போவதில்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல போ" என்கிறார்.
ஒரு மகன், திருத்துறைப்பூண்டி

பதில்: எதுவும் செய்யாமலே ஆறு மாதம், ஒரு வருஷத்தில் உடம்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே சோதிக்க வேண்டும் தம்பி. அப்பாவுக்குப் பதினொரு பங்கு போயிருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை அளவோடு மூன்று மாதச் சராசரியும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள், இலவசம். தைராய்டு பார்க்க வேண்டும், இந்த வயதில் கணையத்துக்கு ஸ்கேனும் தேவைப்படலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை புதிதாக ஆரம்பித்தார்களா என்று சீட்டை எடுத்துப் பாருங்கள், அவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றி எடையைக் குறைப்பவை, ஆனால் பொதுவாக இவ்வளவு குறைக்காது. இன்னொன்று, பல். ஈறு கெட்டுப் பல் ஆடினால் மென்று சாப்பிட முடியாமல் ரசம் சாதத்தோடு எழுந்துவிடுவார், வெளியே சொல்ல மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை அவர் சாப்பிடுவதைப் பாருங்கள்.

எல்லாச் சோதனையும் சரியாக வந்தாலும் அங்கேயே விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வே பசியைக் கொன்று ஆளை இளைக்கவைக்கும். அப்பா வயது ஆண்களுக்கு அது பெரும்பாலும் அழுகையாக வருவதில்லை. பேச்சு நிற்கும், எரிச்சல் வரும், விடியற்காலை மூணு மணிக்கு விழிப்பு வரும், நட்ட பயிரைக்கூடப் போய்ப் பார்க்கத் தோன்றாது. எதிரே உட்காரவைத்து விசாரித்தால் சொல்ல மாட்டார். வண்டியில் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போங்கள், வரப்பில் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து உட்காருங்கள், "ராத்திரி தூக்கம் வருதாப்பா?" என்று மட்டும் கேளுங்கள், அப்புறம் பேசாமல் இருங்கள். அவர் பேசட்டும். "இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் தனியாக விடாதீர்கள், அன்றே மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை இன்றைக்கே வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மனநல மாத்திரை ஆரம்பித்து எட்டு மாதத்தில் 11 கிலோ ஏறி, இப்போது சுகரும் வந்துவிட்டது. வயது 34. மாத்திரையை நிறுத்திவிடலாமா?
ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒலான்சபின், மிர்டாசபின் மாதிரி சில மருந்துகள் பசியைக் கிளப்பி எடை ஏற்றும், உண்மைதான். அதே வேலையைச் செய்யும், எடையை அவ்வளவாக ஏற்றாத மருந்துகளும் உண்டு, ஆனால் அதை மெதுவாகத்தான் மாற்ற வேண்டும், திடீரென்று நிறுத்தினால் பழைய தொந்தரவு திரும்பிவிடும். மனநல டாக்டரின் சீட்டைச் சுகர் டாக்டரிடமும், சுகர் ரிப்போர்ட்டை மனநல டாக்டரிடமும் காட்டுங்கள். இரண்டையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு போங்கள்.